டிரைவரும் ஒண்ணேகால் கிளீனரும்

பிப்ரவரி 6, திங்கள்

எடை 85.4. ஆஸ்பத்திரித் தராசில். வீட்டுத் தராசு 84 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதற்கு என் மேல் ஏதோ அன்பு இருந்திருக்கிறது.

விஷயம் இதுதான். சின்னவளுக்கு, அதாவது என் தங்கைக்கு, இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை டயாலிசிஸ். என்னுடையது அவளுக்குப் பொருந்துகிறது. ரத்தம் பொருந்துகிறது, மற்ற எல்லாச் சோதனையிலும் பாஸ். எடையில் மட்டும் ஃபெயில். என் உயரத்துக்கு 75 கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்கிறார் டாக்டர். மே 31 வரை அவகாசம். அன்றைக்கு எடையும் ரத்தமும் சரியாக இருந்தால் ஜூனில் ஆபரேஷன்.

குறைக்க வேண்டியது பத்து கிலோ நானூறு கிராம். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கழிக்கவும் வகுக்கவும் தெரியும். வாரத்துக்கு 640 கிராம்.

கடவுளிடம் சொல்லிவிட்டேன். அவர் பங்கை அவர் பார்த்துக்கொள்வார். என் பங்கு நாளையிலிருந்து.

பிப்ரவரி 8, புதன்

அந்த நாளை இன்னும் வரவில்லை.

வீட்டுக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். என் உடம்பில் ஆறு கிலோ இந்த ஒரு வருடத்தில் ஏறியது. காரணம், போனில் ஓடும் ஒரு லாரி.

சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளை ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் படுக்க வைப்பது தண்டனைதான். உள்ளே துணைக்கு ஆள் விடுவதில்லை. மிச்சமிருந்த ஒரு கைக்கு அவளே தேடிக்கொண்ட வேலை இந்த விளையாட்டு. மலைப்பாதையில் சரக்கு லாரி. ஒருவர் டிரைவர், இன்னொருவர் எங்கிருந்தாலும் சேர்ந்துகொண்டு கிளீனராக இருக்கலாம். அவள் படுத்தபடி ஒற்றைக் கட்டைவிரலால் ஓட்டுகிறாள். நான் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சரக்கு ஏற்றுகிறேன், கயிறு கட்டுகிறேன், வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் டயருக்குக் கட்டை வைக்கிறேன். காதில் அவள் குரல். கட்டை வைக்க ஒரு நொடி தாமதமானால் எனக்கு விழும் திட்டை, பாவம், அவளிடம் கார் பழக வந்தவர்கள்கூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

லாரி சமவெளியில் போகும்போது கிளீனருக்கு வேலை இல்லை. கை சும்மா இருக்கிறது. பக்கத்தில் பிஸ்கட் இருக்கிறது. கதை இவ்வளவுதான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போது சொன்னார்: "லிஃப்டுல எட்டு பேர், 544 கிலோன்னு எழுதியிருக்கும். ஆளுக்கு அறுபத்தெட்டு. அந்தக் கணக்குல நீ ஒண்ணேகால் ஆளு."

வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 10, வெள்ளி

உட்கார்ந்தது 4 மணி நேரம். லோடு 6. பிஸ்கட் 11. நடை 0.

சின்னவளிடம் லிஃப்ட் கணக்கைச் சொன்னது தப்பு. விளையாட்டில் என் பெயரை 'ஒண்ணேகால்' என்று மாற்றிவிட்டாள். திரும்ப மாற்றத் தெரியவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

புது ஏற்பாடு. நோட்டில் இரண்டு பத்தி: ஆடிய நிமிடம், நடந்த நிமிடம். எவ்வளவு ஆடினேனோ அவ்வளவு நடந்தாக வேண்டும். கடவுள் முன்னால் உட்கார்ந்து ஒத்துக்கொண்டது, மாற்ற முடியாது.

வாரத்தில் ஆடுவது 720 நிமிடம். நடந்தது 190. மிச்சம் 530 நிமிடத்தை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இவர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கணக்குப்படி தீபகற்பம் முழுக்க நடந்து முடித்தாலும் பாக்கி இருக்கும் என்றார். அவருக்கு என்ன. லிஃப்டில் ஏறுகிறவர்.

மார்ச் 15, புதன்

82.1. பிஸ்கட்டை நிறுத்தி மூன்று வாரம். கோஆர்டினேட்டர் அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துக் கவனிப்பவர், அளவுத்தட்டு ஒன்று கொடுத்திருக்கிறார். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு. எல்லாவற்றையும் குவித்து வைக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டு நிறுத்த ஒரு வாரம் ஆனது.

மாலை நடை நடக்கிறது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று எங்கே இவ்வளவு அவசரம் என்று தினமும் கேட்கிறாள். தினமும் ஒரு பதில் சொல்கிறேன். நேற்று தபால் நிலையம் என்றேன். எட்டு மணிக்கு ஏது தபால் நிலையம்?

ஏப்ரல் 14, வெள்ளி

79.8. கடவுளே, நன்றி. ஏழில் தொடங்கும் எண்ணைத் தராசில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சின்னவளுக்கு இன்று நடுவில் இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. லாரி வளைவில் அப்படியே நின்றது. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. நான் கட்டையை வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். வேறு என்ன செய்வது? பிறகு குரல் வந்தது. "தூங்கிட்டியாக்கா?" என்று என்னைக் கேட்கிறாள்.

மே 24, புதன்

77.3. இருபது நாளாக அதே. சோறு குறைத்தாயிற்று, நடை கூட்டியாயிற்று. இன்னும் ஏழு நாள். 2.3 கிலோ.

மே 28, ஞாயிறு

இன்றிலிருந்து மூன்று நாள் உபவாசம். சின்னவளுக்காக வேண்டிக்கொண்டது. கடைசி நாள் தண்ணீரும் இல்லை.

வேண்டுதலில் எவ்வளவு பங்கு பக்தி, எவ்வளவு பங்கு தராசு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை. இவருக்குக்கூடச் சொல்லவில்லை.

மே 31, புதன்

74.8!

தராசில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். கோஆர்டினேட்டர் அம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் கொஞ்சம் தலை சுற்றியது. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். சின்னவள் போனில் அழுதாள். அழுதுவிட்டு, லிஃப்ட் கணக்குப்படி இனிமேல் உன் பெயர் 'ஒண்ணு பத்து' என்றாள்.

ஜூன் 1, வியாழன்

என்ன காரியம் பண்ணிட்டேன். என்ன காரியம்.

ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் ஏறுவது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மூன்று நாளாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர்? சொன்னேன். அவர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "தானம் கொடுக்கப்போற கிட்னியை மூணு நாள் காயப்போட்டிருக்கீங்களேம்மா" என்றார்.

தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமாம். ஆனால் இரண்டு மாதம் பார்த்துவிட்டுத்தான் திரும்பச் சோதிப்பார்களாம். ஜூன் தேதி வேறொரு ஜோடிக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம். வாரத்துக்கு மூன்று. எட்டு வாரம். இருபத்துநாலு தடவை அவ கையில ஊசி, என்னால. கடவுளை இதுல ஏன் இழுத்தேன்? கணக்கைச் சரிக்கட்ட அவர் பேரைப் போட்டேனே, வாங்காத பொருளுக்கு ரசீது எழுதற மாதிரி.

ஜூன் 2, வெள்ளி

லாரியைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். இனி ஆடுவதில்லை என்று கடவுள் முன் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த எடைதானே இவ்வளவுக்கும் காரணம். ஒரு மணிக்குச் சின்னவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்று முறை.

ஜூன் 5, திங்கள்

76.9. தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. மதியம் நான்கு மணி நேரமும் நடந்தேன். போன் அலமாரிக்குள்.

ஜூன் 12, திங்கள்

76.2. இவர் இன்று வேலை முடித்து ஆஸ்பத்திரி வழியாக வந்தார். ஐந்து மணிக்குச் சின்னவளை வெளியே கூட்டிவரும்போது பார்த்திருக்கிறார். நான்கு மணி நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளாம், நர்ஸ் சொன்னாராம். "உன் தங்கச்சி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. லிஃப்ட் சரியில்லன்னாவது திட்டுவா" என்றார். சிரிக்கவில்லை.

ஜூன் 14, புதன்

அவள் வீட்டுக்குப் போனேன். டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போனேன். ஆரம்பிக்கவே விடவில்லை.

"உன் கிட்னியை நான் கேட்டேனா? நீயா தரேன்னு வந்த. சந்தோஷம். ஆனா நான் வாய்விட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கிளீனர் வேலை. அதை யாரைக் கேட்டு விட்ட?"

வேண்டுதல் என்றேன். கடவுளிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"கடவுள்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ லாரில ஏறு."

அப்புறம் மெதுவாக, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு: "அந்த நாலு மணி நேரத்துல நான் எங்க இருக்கேன்னு நினைச்ச? ஆஸ்பத்திரிலயா? மலை மேலக்கா. நீ இல்லாம ரெண்டு வாரமா ஆஸ்பத்திரில கிடக்கேன்."

அவள் காலைப் பிடித்துவிட்டேன். வீக்கமாக இருந்தது.

இப்போது எழுதும்போது தோன்றுகிறது: தப்பு லாரி மேல் இல்லை. சோபா மேல்.

ஜூன் 16, வெள்ளி

சமையலறை ஜன்னலிலிருந்து வாசல் கதவு வரை பதினாறு அடி. நடுவில் ஒரு அலமாரி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே ஆடினேன். அலமாரியில் இரண்டு முறை இடித்தேன், ஒரு முறை நடுவழியில் சரக்கை மொத்தமாக இறக்கிவிட்டேன். சின்னவளுக்குக் கோபம். ஆனால் கோபம் என்றால் அது பழைய கோபம். காதுக்கு இதமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கேட்டாள், ஏன்கா இப்படி மூச்சு வாங்குது? நடக்கிறேன் என்றேன். "கொஞ்சம் மெதுவா மூச்சு விடு. போன் ஸ்பீக்கர்ல இருக்கு. பக்கத்து பெட்டுக்காரர் நர்ஸைக் கூப்பிட்டுட்டார்."

ஆடியது 240. நடந்தது 150. முதல்முறையாக இரண்டு பத்தியும் ஒரே நேரத்தில் நிரம்பியது.

கடவுளிடம் சொன்ன வார்த்தையை மீறியிருக்கிறேன். தங்கை பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிவித்துவிட்டேன்.

ஜூலை 7, வெள்ளி

75.6. அலமாரியை இவர் பின்னறைக்கு நகர்த்திக் கொடுத்தார். லிஃப்ட்காரர் என்பதால் பக்கவாட்டில் தள்ளத் தெரியவில்லை. தரையில் கோடு.

பக்கத்து பெட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற வாத்தியாராம். நான் நடையை நிறுத்தினால், "உங்கக்கா நின்னுட்டாங்க போல" என்று சின்னவளுக்குச் சொல்கிறாராம். எனக்கு இப்போது மேற்பார்வையாளர் இரண்டு பேர்.

ஜூலை 31, திங்கள்

73.9. நேற்று முழுக்கத் தண்ணீர் குடித்து, காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் தராசில் ஏறினேன். கோஆர்டினேட்டர் அம்மா ரொம்பக் கூர்ந்து பார்த்தார், தராசையும் என்னையும். ரத்தம் சுத்தம். ஆபரேஷன் ஆகஸ்ட் 22.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. எனக்காக இல்லை என்று எழுத வந்தேன். எனக்காகவும்தான்.

கடவுளே, இந்த முறை பேரம் ஒன்றும் இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 1, வெள்ளி

வீடு. குனிந்தால் வலிக்கிறது, சிரித்தால் அதைவிட. இவரைப் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னுடையது அங்கே போன முதல் நாளே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. சின்னவளுக்குச் சிறுநீர் நேற்று 2 லிட்டர் 300. இதை நோட்டில் எழுத வெட்கமாக இல்லை. ஒன்றரை வருடமாக இதற்குத்தானே ஏங்கினோம். தினமும் அளவைக் கேட்டு வாங்கி ஒரு புதுப் பத்தி போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 4, திங்கள்

72.8.

மதியம் ஒரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். போன வாரம் வரை அவள் வீட்டிலிருந்து ஒரு லோடாவது ஓட்டினாள். மணி ஒன்று பத்து. ஒன்றேகால். நானே கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னைக்கு முடியாது. இன்னையிலிருந்து வேலைக்கு வந்துட்டேன். இங்க நிஜமாவே ஒருத்தர் ஓட்டிட்டிருக்கார், நான் பக்கத்துல பிரேக் மேல கால வச்சிட்டு உக்காந்திருக்கேன். வை போனை. சார், கண்ணாடியப் பாருங்க சார்."

வைத்துவிட்டாள்.

டிரைவர் இல்லாமல் லாரி நகராது. வெறும் லாரியில் கொஞ்ச நேரம் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. வேலைக்குப் போவதை ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னால் என்ன? என்னை இப்படிக் காத்திருக்க வைக்கலாமா?

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோதும் அந்தக் கோபம் போகவில்லை. அதையே முன்னால் வைத்து, இப்படி ஒரு கோபம் வர வைத்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். வெயில் இருந்தது. எதிர்வீட்டுக்காரி எங்கே என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஆடியது 0. நடந்தது 55.