சேந்திக் கொட்டிய தண்ணீர்

மே 18, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் பண்ணை விடுதியில் கிணற்றில் தண்ணீர் சேந்துவதும் தங்க வருகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு. இன்று பெங்களூர்க்காரர்கள் ஆளுக்கொரு வாளி சேந்தி, படம் எடுத்துக்கொண்டு, தரையில் கொட்டினார்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது.

"கொட்டறத என் கொடத்துல ஊத்தச் சொல்லுங்க சார், வூட்டுக்கு எடுத்துக்கறேன்" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"வந்தவங்க முன்னாடி பிளாஸ்டிக் கொடத்தோட நிக்காதம்மா, பாக்க நல்லா இருக்காது."

சாயங்காலம் அதே ஆள் ஒரு பித்தளைக் குடத்தைக் கொடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு படத்துக்கு நிற்கச் சொன்னார். காலிக் குடம். சிரிக்கவும் சொன்னார். சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

நாளைக்கு என் பிளாஸ்டிக் குடத்தோடு போய் அந்தக் கிணற்றடியில் நிற்பேன். எடுக்கட்டும் படம்.