ஆற்றோரப் புதர்

சுமத்ரா

என்னவருக்கு,

ரப்பர் பால் நன்றாக வடிகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

ஊர் மண்டபத்தில் நிலக்காரர்களுக்கு நடந்த வனவிலங்குத் துறையின் கூட்டத்தில், புலி நடமாட நம் ஆற்றோரப் புதரை வெட்டாமல் விடுவதாக ஒப்புக்கொண்டேன். மறுவாரமே அக்கரைத் தோட்டத்து சியாஃப்ரியின் ஆட்டைப் புலி அடித்துவிட்டது.

"என் மகளுக்கு எதுனா ஆச்சுன்னா புலிகிட்டயா போய்க் கேப்பேன்? உன்கிட்டதான் வருவேன்," என்றார்.

இன்று புதருக்குள் கம்பிக் கண்ணி ஒன்றைக் கண்டேன். அவிழ்த்து ஆற்றில் எறிந்தேன். நிமிர்ந்தால், எதிர்க்கரையில் அவர் மகள் நூர்லைலா நின்றிருந்தாள்.

"அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்க்கா. ஆனா இன்னும் சில கண்ணி வச்சிருக்காரு. எங்கன்னு எனக்குத் தெரியாது. பாத்துக் கால் வைங்க."

என் காலருகே ஈரமண்ணில் புலித்தடம் புதிதாகப் பதிந்திருந்தது. எப்படி வீடு சேர்ந்தேனென்று தெரியவில்லை.

பெருநாளுக்கு வந்தால் போதுமென்று முன்பு எழுதியிருந்தேன். இப்போதே வாருங்கள்.

உங்கள் மனைவி