என் கைக்கு ஏற்ற பிஸ்ரல்

2022 பெப்ரவரி 8, செவ்வாய்

இன்று மீன்கடையில் பதினான்கு அறக்குளா வெட்டினேன். ஒருத்தி வந்து, "அக்கா, முள்ளில்லாமல் தாங்கோ" என்றாள். "முள்ளே வேண்டாமெண்டால் பக்கத்துக் கடையில கத்தரிக்காய் கிடக்குது பிள்ளை" என்றேன். சிரித்துக்கொண்டு இரண்டு கிலோ வாங்கிப் போனாள்.

கஸ்பர் வினிபெக்குக்கு லோட் கொண்டு போயிருக்கிறார். என் மனிசன் லொறி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் றோட்டில்தான். அந்தப் பாதி நாளும் ரூஜ் பகுதியில் இந்தப் பெரிய வீட்டுக்கு நான்தான் ராணி, நான்தான் காவற்காரி.

கள்ளர் வந்து போய் இருபத்தைந்து நாள். விடியப்புறம் நாலு மணி. மூன்று பேர், ஒரு உதை, கதவு போச்சு. குசினிச் சுவரில் தொங்கின கார்த் திறப்பை எடுத்து, காரையும் கொண்டு போய்விட்டாங்கள். முன்வீட்டுக் கமெராவில் பார்த்தால் எல்லாம் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் நான் குளியலறையைப் பூட்டி, தொட்டிக்குள் குந்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தேன். நான்! முதலாளிக்கே வாய் காட்டுகிறவள்.

கேட்கிற எல்லாருக்கும் இதைப் பகிடியாகத்தான் சொல்கிறேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்றிலிருந்து கஸ்பர் இல்லாத நாளில் நான் கட்டிலில் படுப்பதில்லை. தொட்டிக்குள் போர்வையை மடித்துப் போட்டு, தலையணை வைத்து, உள்ளே பூட்டிக்கொண்டு படுக்கிறேன். இது இந்தக் கொப்பிக்கு மட்டும்.

போதும். ஒரு கைத்துப்பாக்கி, பிஸ்ரல், வாங்கப் போகிறேன். எனக்கு என் கட்டில் வேண்டும்.

பெப்ரவரி 13, ஞாயிறு

மகள் ஜெசிகா சாப்பிட வந்தாள். பிஸ்ரல் கதையை எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? பயமெண்டால் வீட்டை வித்திட்டு என்ர கொண்டோவுக்கு வாங்கோ."

"உன்ர கொண்டோவில கருவாடு பொரிச்சால் பத்து மாடியும் கீழ இறங்கி நிக்கும். நான் வரேல்லை."

கஸ்பர் சிரிக்கவில்லை. "அவள் சொல்லுறது சரி. இந்த வருசம் முடியிறதுக்குள்ள நீ தனிய இருக்கப் பழகேல்லையெண்டால் விப்பம். துவக்கெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தால் நான் வரமாட்டன்."

"நல்லதாப் போச்சு. ஒரு ஆளின்ர சோறு மிச்சம்."

அதற்கும் சிரிக்கவில்லை. சரி, வருசம் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. இந்த வீட்டில் நான் பதினெட்டு வருசம் மொப் அடித்திருக்கிறேன். ஒன்றரை நிமிடம் நின்றவனுக்காக விற்பதா?

மார்ச் 6, ஞாயிறு

பாஸ்!!

கஸ்பரோடு லொறி ஓட்டுகிற யோசப் அண்ணைதான் துவக்கு லைசன்ஸ் வகுப்பைக் காட்டிவிட்டார். அவர் வருசா வருசம் மான் வேட்டைக்குப் போகிறவர், சுடுகிற கிளப்பிலும் ஆள். நேற்றும் இன்றும் வகுப்பு, பிறகு சோதனை. நான் ஐந்தாம் வகுப்போடு கருவாட்டு வாடிக்குப் போனவள். இங்கிலீஸ் கேட்டால் விளங்கும், வாசித்தால் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. வெட்கப்படாமல் மாஸ்ரரிடம் சொன்னேன். கேள்விகளை அவரே வாசித்துக் காட்டினார். ஐம்பதுக்கு நாற்பத்தாறு. பக்கத்தில் இருந்த கொம்பியூட்டர் பெடியனுக்கு நாற்பத்தொன்று. "தம்பி, ரியூசன் வேணுமெண்டால் கடைக்கு வா" என்றேன். தமிழ்ப் பெடியன்தான், முகம் சிவந்துவிட்டது.

மார்ச் 12, சனி

யோசப் அண்ணை தன் கிளப்புக்கு விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் இரண்டு பிஸ்ரல் வைத்தார், ஒன்று சின்னது, ஒன்று முழு அளவு. நான் சின்னதைத்தான் எடுத்தேன். பொம்பிளைக் கை, இதுதானே அடக்கம் என்று ஒரு நினைப்பு.

பிடித்தால் சின்ன விரலுக்கு இடமே இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது. சுட்டதும் கைக்குள் உயிர்மீன் மாதிரித் துள்ளியது. கடதாசியில் ஒரு ஓட்டைகூட இல்லை.

"சின்னது எண்டால் லேசு எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது, தங்கச்சி" என்றார் யோசப் அண்ணை. "பாரம் இல்லாத சாமான்தான் கூட உதைக்கும். மடிக்குள்ள ஒளிச்சுக்கொண்டு திரியிறவனுக்குத்தான் சின்னது தேவை. நீ ஆருக்கு ஒளிக்கப் போறாய்?"

பெரியதை எடுத்தேன். இருபது வருசம் மீன் வெட்டின கை இது, கஸ்பருடைய கையுறை எனக்குத்தான் அளவு. அஞ்சு விரலும் போய் அதனதன் இடத்தில் இருந்தன. பாரம் உதையை வாங்கிக்கொண்டது. குழாய் நீளம் என்பதால் குறிபார்க்கிற முன்முனையும் பின்முனையும் கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரிகிறது. பத்துக் குண்டில் எட்டு வட்டத்துக்குள்!

யோசப் அண்ணை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கஸ்பருக்கு இதைச் சொல்லாத. பிறகு வீட்டில வாய் திறக்க மாட்டான்."

தெரிவு முடிந்தது. பெரியதுதான்.

மார்ச் 20, ஞாயிறு

லைசன்ஸ் விண்ணப்பப் போமில் புருசன் கையெழுத்து வைக்க ஒரு இடம் இருக்கிறது. வைக்காவிட்டால் அவங்களே ஆளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பாங்களாம். வீட்டுக் காவலுக்கு என்று கேட்டால் இந்த நாட்டில் பிஸ்ரல் தரமாட்டார்களாம், குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்குத்தானாம். அதனால் கிளப்பிலும் சேர்ந்துவிட்டேன். சும்மா பேருக்கு இல்லை, அந்த எட்டு ஓட்டைக்குப் பிறகு உண்மையாகவே ஆசை.

போமைக் கஸ்பருக்கு முன்னால் வைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்துக் குடித்தார். வட்டமாக ஒரு கறை. கையெழுத்து இல்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

என்னை அறிந்த இரண்டு பேருடைய பெயரும் போமுக்கு வேண்டும். ஒன்று யோசப் அண்ணை. மற்றதற்குத் தேவாலயப் பாடகர் குழு றஜிதாவைக் கேட்டது என் பிழை. றஜிதாவிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று. பூசை முடிந்து வெளியே வர, அன்ரனெற்றக்கா ஹாண்ட்பாக்கில் துவக்கு வைத்திருக்கிறாவாம் என்று ஊரெல்லாம் கதை. அமிர்தநாதர் அங்கிள் என்னைக் கண்டு வழி விட்டார்.

"அங்கிள், பயப்படாதேங்கோ. இண்டைக்கு வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

மனிசன் பாவம், அரை நிமிடம் நம்பிவிட்டார்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

கஸ்பர் நாளைக்குத்தான் வருவார் என்று இருந்தேன். அவருக்கு ஒரு பழக்கம், லோட் கெதியாக இறங்கினால் நேரே வந்துவிடுவார், என்னை எழுப்பக்கூடாது என்று போனும் அடிக்க மாட்டார். விடியப்புறம் வந்திருக்கிறார். கட்டிலில் ஆள் இல்லை. குளியலறைக் கதவைத் தட்டினார். நான் தொட்டிக்குள் எழும்பி ரொய்லெற் பிறஷைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

"அன்ரனெற், நான்தான். திற."

திறந்தேன். தலையணையைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். தொட்டி விளிம்பில் இருந்தார்.

"எத்தனை நாளா?"

"சும்மா… இண்டைக்குத்தான். வெக்கையா இருந்தது."

"ஏப்ரலில வெக்கையோ?"

எனக்கு ஒரு பகிடியும் வரேல்லை. ஒண்டும் வரேல்லை. அழுதிட்டன்.

காலையில் மேசையில் போம் கிடந்தது, கறைக்குப் பக்கத்தில் கையெழுத்தோடு. துவக்கைக் கண்டால் அந்த மனிசனுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். மன்னாரில் ஆமிக்காரர் அவரைச் சோதனைச் சாவடியில் துவக்கை நீட்டி முழங்காலில் வைத்த கதையை ஒரு தரம்தான் சொன்னவர். தெரிந்தும் கேட்டேனே?

யூன் 1, புதன்

யோசப் அண்ணை போன் எடுத்தார். கைத்துப்பாக்கி விற்கிறதையே அரசாங்கம் நிறுத்தப் போகுதாம். "லைசன்ஸ் வந்த உடன கடைக்கு ஓடு, தங்கச்சி." ஓடலாம், லைசன்ஸ் எங்கே?

ஓகஸ்ட் 9, செவ்வாய்

வரவில்லை. தொட்டியில் படுத்து இடுப்புப் பிடித்துவிட்டது. கஸ்பர் இல்லாத நாளில் இன்னமும் அங்கேதான்.

செப்ரெம்பர் 14, புதன்

வந்துவிட்டது! படத்தில் நான்தான் கள்ளி மாதிரி இருக்கிறேன். கஸ்பருக்குக் காட்டினேன். "இதைக் கதவில ஒட்டிவிடு, ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். கன நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு பகிடி.

செப்ரெம்பர் 18, ஞாயிறு

இன்றைக்கு ஒத்திகை பார்த்தோம். யோசனை என்னுடையதுதான்.

சட்டப்படி பிஸ்ரலைக் குண்டில்லாமல் பூட்டுப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியையும் பூட்ட வேண்டும். குண்டுக்கு வேறு பூட்டு. சப்பாத்துப் பெட்டி ஒன்று, பிஸ்கற் ரின் ஒன்று, ஆமைப்பூட்டு மூன்று எடுத்தேன். பிஸ்ரலுக்குக் கஸ்பருடைய ட்றில் மெஷின். அவர் கள்ளன். வாசலுக்கு வெளியே நின்று "வாறன்!" என்று கத்திவிட்டு உள்ளே வந்தார்.

மூக்குக்கண்ணாடி எங்கே? முதல் திறப்பு பிழை. இரண்டாவது சரி. ரின் திறக்க மாட்டேன் என்கிறது. அதற்குள் கள்ளன் மேலே வந்து, கட்டிலில் குந்தி, செருப்பையும் கழற்றிவிட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம், தங்கச்சி? எனக்கு வேற ரெண்டு வீடும் பாக்க இருக்கு."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. மூன்று நிமிடம் பத்துச் செக்கன். நிஜக் கள்ளர் இரண்டு தரம் வந்து போயிருப்பாங்கள்.

விடுவேனா? "இன்னொருக்கா. இந்த முறை லைற்றை நூத்துப்போட்டு வாங்கோ" என்றேன். பூட்டுகளைக் களவாகத் திறந்து வைத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். படியில் காலடி. ஒன்று, இரண்டு… கதவு திறந்தது. நான் இரண்டு கையாலும் ட்றில்லை நீட்டினேன், கிளப்பில் பழகின மாதிரி, நெஞ்சுக்கு நேரே. "டுமீல்!"

அவருடைய இரண்டு கையும் மேலே போயின. பகிடிக்கு இல்லை. தானாகவே போயின.

லைற்றைப் போட்டேன். கையை இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நல்லாக் குறி பாக்கிறாய்" என்றார். பிறகு கீழே போய்த் தேத்தண்ணி போட்டார்.

அப்போதுதான் யோசித்தேன். கள்ளன் இந்தப் படியால் ஏறவேயில்லை, கீழே வந்ததும் ஒரே ஒரு தரம். சொல்லாமல் கொள்ளாமல் இருட்டில் இந்தப் படியால் ஏறி வருகிறவர் யார்? மாதத்தில் நாலு அஞ்சு தரம்? பதினெட்டு வருசமாக?

செப்ரெம்பர் 24, சனி

துவக்குக் கடைக்குப் போனேன். யோசப் அண்ணையும் வந்தார். கடை முழுக்கச் சனம். என் பெரியதைக் கேட்டேன், கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாங்கள். கைக்குள் அப்படியே இருந்தது. பொருத்தமான சப்பாத்து மாதிரி.

"எடு, தங்கச்சி. இனிக் கிடையாது."

"நல்ல சாமான்தான் அண்ணை. பூட்டி வைச்சால் கள்ளனுக்கு நேரத்துக்கு வராது. பூட்டாமல் வைச்சால் கஸ்பருக்குத்தான் முதல் வரும்."

நான் திருப்பிக் கொடுத்தேன். சொல்லத்தான் வேண்டும், கொடுக்கும்போது கை கொஞ்சம் இழுபட்டது.

ஒக்ரோபர் 8, சனி

பிஸ்ரல் காசு கதவுக்குப் போனது. இரும்புக் கதவு, இரும்புச் சட்டம், உள்ளே குறுக்காக ஒரு தண்டு. கதவைப் பொருத்த வந்தவன், "இதை உதைச்சால் அக்கா, உதைக்கிறவன்ர கால்தான் போகும்" என்றான். உதைத்துக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றான். அப்போதுதான் நம்பினேன்.

தண்டு போட்டால் வெளியிலிருந்து திறப்பாலும் திறக்க முடியாது. கஸ்பருக்குச் சொல்லிவிட்டேன், "எத்தனை மணியெண்டாலும் மணி அடிச்சு, பேர் சொல்லித்தான் உள்ளுக்கு வரலாம்."

"என்ர வீட்டுக்கு நான் பேர் சொல்லவோ?"

"ஓம். ராணி சொல்லிப்போட்டா."

ஒக்ரோபர் 22, சனி

நேற்றிலிருந்து கைத்துப்பாக்கி விற்பனை நின்றுவிட்டதாம். கவலையா? கொஞ்சம். கிளப்புக்குப் போய் யோசப் அண்ணையின் பெரியதால் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டு வந்தேன்.

டிசெம்பர் 16, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அலாம் அடிக்கக் கட்டிலிலிருந்து எழும்பினேன். போனில் பதினொரு மிஸ்ட் கோல், எல்லாம் கஸ்பர். யன்னலால் பார்த்தால் ட்றைவேயில் அவருடைய கார் நிற்கிறது. மேலே நாலு அங்குலப் பனி, உள்ளே ஒரு மனிசன், போர்வைக்குள் மூக்கு மட்டும்.

நாலு மணிக்கே தண்டர்பேயிலிருந்து வந்துவிட்டாராம். மணி அடித்தாராம், தட்டினாராம், பெயரும் சொன்னாராம்.

என்னைக் கண்டதும் கதவுக்கு வந்து நின்றார். தண்டை எடுக்க முன்னம் விடுவேனா?

"ஆரது?"

"கஸ்பர்."

"எந்தக் கஸ்பர்?"

"விறைச்சுப்போன கஸ்பர்! திறவடி!"

திறந்தேன். ஏசத்தான் வாயைத் திறந்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். தலையணை மடிப்பு வரிவரியாகப் பதிந்து கிடந்ததை நானும் பிறகுதான் கண்ணாடியில் கண்டேன். வாயை மூடிக்கொண்டு, சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு, உள்ளே வந்தார்.