என் மூச்சைக் கேட்டவள்

அன்புள்ள மாலினேயோ,

நீயும் மகள் லினேயோவும் சுகந்தானே? மலையில் பனி விழத் தொடங்கிவிட்டதா? நான் நலம்.

போன வாரம் சுரங்கத்தில் நெஞ்சு படபடத்தது. அறைத்தோழன் கோட்சோ தன் இதய மாத்திரையைக் கொடுத்தான். விழுங்கியதும் மூச்சு அடைத்துவிட்டது. பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது.

மருத்துவமனை நர்ஸ் திட்டினாள்: "ஆஸ்துமாவ வச்சுக்கிட்டு அடுத்தவன் மாத்திரையப் போடுவியாய்யா? மூச்சுக்குழாய் சுருங்கிடும்!"

ஆனால் என் இதயத்துக்கும் அந்த வகை மருந்துதான் வேண்டுமாம். நுரையீரலை அதிகம் தொடாத வேறொன்றை டாக்டர் சிறிய அளவில் எழுதினார். அதைக் கொடுத்துவிட்டு, மதியம் முழுக்க நர்ஸ் அருகிலிருந்து என் மூச்சைக் கேட்டாள்.

"இரைப்பு இல்ல, நீ போகலாம்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் கேளுங்கம்மா" என்றேன். ஒருவர் இப்படி என் அருகில் உட்கார்ந்து எத்தனை மாதமாயிற்று!

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. கடையில் வாங்காதே, நீயே பின்னு. இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும் வண்டி கிளம்புகிறது.

உன் மோலெஃபி