வாழத் தகுதியற்ற பத்து அறைகள்

மார்ச் 10, 2025
குறைந்த செலவில், சூழலைக் கெடுக்காத வீடுகள்: இளம் ஆய்வாளர்களுக்கான மூன்று மாதப் பயிற்சி. ஓசூரில் ஸ்டார் ஓட்டல். ஏசி குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, வெயிலைத் தடுக்கும் கூரைகளைப் பற்றிக் கேட்டோம். "மக்களோட வாழ்ந்து பாருங்க" என்றார் பயிற்சியாளர் எபினேசர் சார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள், நானும்தான். சாயங்காலம் பஸ் பிடித்து, சூளகிரியில் சிமென்ட் ஷீட் போட்ட என் ஒற்றை அறைக்கு வந்து வாழ்ந்தேன்.

மார்ச் 24
கள ஆய்வுக்குத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று வேண்டுமாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, எங்கள் லைன் வீட்டைச் சொல்லிவிட்டேன். பத்து அறை, இரண்டு கக்கூஸ். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

ஏப்ரல் 7
பதினான்கு பேர் வேனில் போய் இறங்கினோம். சம்மதப் படிவத்தில் வீட்டுக்காரர் ராஜப்பன் கையெழுத்துப் போட்டார். குடியிருப்பவர்களிடம் வாங்க வேண்டாமா என்று கேட்டேன்.

"நேரமில்ல எஸ்லின். ஓனர் கையெழுத்து போதும்" என்றார் சார்.

பக்கத்து அறை சென்னம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, உன் வீட்டுக்கே வேன்ல வர்ற?" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாருக்கு ஒரே சந்தோஷம். என் கட்டிலுக்கு மேல் வெப்பமானி பிடித்தார்கள். நாற்பத்தொன்று. கைதட்டினார்கள்.

ஏப்ரல் 21
உள்ளே இருப்பவள் என்பதால் அறிக்கை எழுதும் வேலை என் தலையில். 'இப்பத்து அறைகளும் மனிதர் வாழத் தகுதியற்றவை' என்று முடித்தேன். கதவு எண்களோடு.

ஏப்ரல் 28
என் அறிக்கைக்குப் பயிற்சியில் முதல் பரிசு!

மே 5
ஆய்வு முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் தர வேண்டும் என்பது பயிற்சி விதி. சம்மதப் படிவத்தில் பெயர் இருப்பவர்தான் சம்பந்தப்பட்டவர். ராஜப்பனுக்கு ஒரு பிரதி போயிருக்கிறது, ஸ்பைரல் பைண்டிங் போட்டு.

மே 6
ராஜப்பன் அறிக்கையும் கையுமாக வந்தார். "படிச்சவங்க நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆனா எம்மேலதான கேஸு? மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணிக்குங்க. கம்பெனிக்காரங்களும் குடோன் கட்டித் தரச்சொல்லி ரொம்ப நாளா கேக்கறாங்க."

ஐயோ, பத்துக் குடும்பம். நான் என்ன பண்ணித் தொலைச்சேன்?

சாருக்கு போன் போட்டேன். "இதுதான் ஆய்வோட தாக்கம். மறக்காம பதிவு பண்ணுங்க" என்றார்.

மே 31
சென்னம்மாள் அக்கா உத்தனப்பள்ளிக்குப் போகிறார். அவர் கணவர் முனிவேல் இனி கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆட்டோவில் குடத்தை ஏற்றிக்கொண்டே அக்கா கேட்டார்: "அத்தனை பக்கம் எழுதுனியே கண்ணு, இங்க இருக்கறவங்க எங்க போவாங்கன்னு ஒரு வரி எழுதலியா?"

எழுதவில்லை. அது தோன்றவே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 16
காவேரிப்பட்டினம், அம்மா வீடு. கூரியர்காரர் போன் செய்தார். பயிற்சிச் சான்றிதழ் வந்திருக்கிறதாம்.

"மேடம், நீங்க குடுத்த அட்ரஸ்ல வீடே இல்லீங்க. ஜேசிபி நிக்குது. யாருகிட்ட குடுக்கட்டும்?"

"அங்க ராஜப்பன்னு ஒருத்தர் நிப்பாருங்க, அவர்கிட்ட குடுத்துடுங்க" என்றேன். "ஓனர் கையெழுத்து போதும்."