மூன்றாம் நாள் பால்

கொருக்குப்பேட்டை,
புதன்கிழமை

அன்பு மகன் பீம்ராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை மதியும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மனசைக் கேட்காதே, நீ சோஹாரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் பேசினால் மதி காதைக் கொண்டுவந்து ஒட்டிவைத்துக்கொள்கிறாள், அதனால்தான் உன் தோஸ்து பிலால் பிளேன் ஏறி அங்கே கிளம்புகிறான் என்றதும் எழுதி அவனிடம் கொடுக்கிறேன். மாமா சாவுக்கு வர முடியவில்லையே என்று அழுதுகொண்டிருக்காதே, என் அண்ணனுக்கு உன்மேல் கோபமே வராது, நீ அனுப்பிய சட்டையைத்தான் போட்டு அனுப்பினோம்.

இப்போது எனக்கு வேறு ஒரு பேஜார். பெரிய வெள்ளி அன்று மாமாவை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம் இல்லையா, அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் இயேசு வெள்ளிக்கிழமை இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த கதையை மதிக்குச் சொல்லியிருக்கிறார். இவளோ வீட்டில் எல்லோரும் மூன்றாம் நாள் பால், மூன்றாம் நாள் பால் என்று பேசுவதைக் கேட்டு, மாமா எழுந்ததும் குடிக்கத்தான் பால் கொண்டுபோகிறோம் என்று முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் எழுப்பாமலே எழுந்து, சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அப்பா பாலை ஊற்றினதும் பையிலிருந்து மாமாவின் ரப்பர் செருப்பை எடுத்து மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைக்கிறாள். என்னடி இது என்றால், "மாமாவ வெறுங்கால்லதானே தூக்கினு போனாங்க, வூட்டுக்கு வர்றப்போ ரோடு சுடும்ல?" என்கிறாள். கூட்டத்துக்குக் கூட்டம் பகுத்தறிவு பேசுகிற உன் அப்பா குழாய்ப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அவளே, நாம் பார்த்துக்கொண்டிருந்தால் வர மாட்டார், இயேசு எழுந்ததையும் யாரும் பார்க்கவில்லையாம், போகலாம் வா என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

செத்தவர் வர மாட்டார் என்று நீதான் சொல்ல வேண்டும் என்கிறார் அப்பா, நீங்களே சொல்லுங்கள் என்கிறேன் நான். திங்கட்கிழமை சிஸ்டரைப் பார்த்துக் கேட்டேன். உயிர்த்தெழுவது கடைசி நாளில்தான், ஆனால் குழந்தைகளைப் போல நம்பச் சொன்னதும் ஆண்டவர்தான் என்றார். அப்படியானால் இவள் சரியாகத்தானே நம்பியிருக்கிறாள் என்றேன். அதற்கு அவர், நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்.

நேற்று வேலை விட்டு வரும்போது, செருப்பையாவது எடுத்து வந்துவிடலாம் என்று தனியாக அங்கே போனேன். செருப்பு இல்லை. பொங்கலுக்கு வாங்கிய நல்ல செருப்பு, யாரோ எடுத்துப் போயிருப்பார்கள், எனக்குத் தெரியாதா. ஆனாலும் நைனா, வீடு வந்து சேரும் வரைக்கும் போகிறவர் வருகிறவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதியிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். நீ போனில் உண்மையைச் சொல்லிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றுகிறது. அவளுக்காகச் சொல்கிறேனா எனக்காகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

பிலாலிடம் வஞ்சிரக் கருவாடு கொடுத்திருக்கிறேன், மறக்காமல் வாங்கிக்கொள். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. நூறு வயசு நன்றாக இரு, எனக்குக் குழப்பமில்லாமல் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் அம்மா
செங்கொடி