தீபாவளி முறுக்கு

கொழும்பு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? வெங்காயம் நட்டு முடிந்ததா?

இந்த நகரத்தில் மாதத்துக்கொரு பண்டிகை. யாருடைய பண்டிகையோ அவர் தம் வீட்டுப் பலகாரத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். நத்தாருக்கு வந்த கிறிஸ்மஸ் கேக், பெருநாளுக்குப் பக்கத்து மேசை ரிஸ்னா கொண்டுவந்த தேங்காய்ப்பால் வட்டிலப்பம், எல்லாம் அவரவர் அம்மா செய்தவை. அவை அவ்வளவு ருசியாக இருந்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

தீபாவளிக்கு என் முறை. நடுகை நேரத்தில் உங்களைக் கேட்க மனம் வரவில்லை. வெள்ளவத்தைக் கடையில் முறுக்கு வாங்கி, பிஸ்கட் தகர ரின்னில் போட்டுக் கொண்டுபோனேன்.

"அம்மா செஞ்சதா?" என்று ரிஸ்னா கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் ரின்னுக்குள்ளிருந்து கடை பில்லை எடுத்தாள். "உங்கட அம்மா வெள்ளவத்தையில எப்ப கடை தொறந்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாலையில் அவளைக் கூட்டிப்போக, வட்டிலப்பம் செய்த அவளுடைய உம்மா வாசலில் நின்றார். நான் அவர் கண்ணில் படாமல் பின்படியால் இறங்கிப் போனேன்.

தைப்பொங்கலுக்குப் பயத்தம் பணியாரம் செய்து பஸ்ஸில் அனுப்புங்கள். பெட்டியில் என் பெயரைத் தம்பியைக்கொண்டு எழுதுவிக்க வேண்டாம். எழுத்துக் கோணினாலும் நீங்களே எழுதுங்கள். ரிஸ்னா பார்க்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
தனுசியா